சொல்லுங்கள் என்று கேட்ட பிறகு

திருகோணமலை
12.08.1988

அன்புள்ள கொறற்றிக்கு,

கை கால் முழுசாக இருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அதைத் தேடித்தான் கடுதாசியைப் பிரிப்பாய். வேலை கிடைத்துவிட்டது. மூட்டை தூக்கும் வேலை இல்லை, இந்திய ஆமி காம்பில் மொழிபெயர்க்கும் வேலை.

“சேட்டுக் கடை பாஷை சோறு போடுமா?” என்று எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். சோறு போடவில்லை, சப்பாத்தி போடுகிறது. வேலை கேட்டு காம்ப் வாசலில் நின்றபோது காவல்காரன் துவக்கை நீட்டி அதட்டினான். பயத்தில் எனக்கு வாயில் வந்தது மாத்தளைச் சேட்டின் துணிக்கடையில் வேலை செய்தபோது பழகியதுதான். “ஆயியே சாப், பைட்டியே, ஃபர்மாயியே” என்றேன். வாருங்கள் ஐயா, உட்காருங்கள், சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவனுடைய வாசலில் நின்றுகொண்டு அவனையே உள்ளே வரச் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்த சிரிப்பில் கப்டனே வெளியே வந்துவிட்டார்.

கப்டன் நல்ல மனிதர். ஆட்களை விசாரிக்கக் கொண்டுவந்தால் முதலில் நாற்காலி போடச் சொல்வார். தேநீர் வரும். பிறகுதான் “ஃபர்மாயியே” என்பார். நம் சேட்டுக்கு மீசையும் துவக்கும் வைத்த மாதிரி. சேட் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், சண்டை பிடிக்க வந்தவனாக இருந்தாலும் ‘ஃபர்மாயியே’ என்று ஒருதரம் சொல்லிவிட்டால் அவன் நம் விருந்தாளி, அவன் மேல் விரல் படக்கூடாது என்பார். பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் வளர்கிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் கண்ணிவெடியில் ஒரு ட்ரக் போனது. தார்பாயில் சுற்றி இறக்கியதை நானும் ஒரு முனை பிடித்துத் தூக்கினேன். அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை. கடிதத்தைத் தபாலில் போடாமல் மரக்கறி லொறி இராமசாமியண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

உன் நோபர்ட்

*

ரத்தோட்டை, மேல் டிவிசன்
04.09.1988

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துக் குழந்தைகளும் சுகம். நமக்கென்று ஒன்று இல்லாவிட்டாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொட்டில் ஆட்டி என் கை ஓயவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த என் அண்ணனைக்கூட ஒரு நாள் “உட்காருங்க” என்று சொல்லாத மனுசன், ஆமிக்காரனை உட்காரச் சொல்லி வேலை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, சொல்லுங்கள் என்று கேட்ட பிறகும் ஒருவன் வாயைத் திறக்காவிட்டால் உங்கள் கப்டன் என்ன செய்வார்? துணி பிடிக்கவில்லை என்றால் சேட் கடையிலிருந்து எழுந்து போகலாம். அங்கே எழுந்து போக விடுவார்களா? இதற்குப் பதில் எழுதுங்கள், மழுப்ப வேண்டாம்.

இங்கேயும் நாள் நல்லதாக இல்லை. அரசாங்கத்தையும் இந்திய ஆமியையும் எதிர்க்கிற சிங்களப் பையன்கள் ராத்திரியில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். கையால் எழுதிய சிங்கள நோட்டீஸ், கடையை மூடு, பஸ் ஓட்டாதே, வேலைக்குப் போகாதே என்று. சொன்னதைச் செய்யாத ஒரு பஸ் டிரைவரை உக்குவளை றோட்டில் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர்களைத் தேடி வருகிற அரசாங்க ஆட்கள் கொன்றுபோட்டவர்கள் பாலத்துக்கடியில் எரிந்து கிடக்கிறார்கள். இந்திய ஆமிக்குக் கைகொடுக்கிறவன் துரோகி, அவன் குடும்பமும் துரோகி என்று ஒரு நோட்டீஸ் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்ததாம். நீங்கள் மீன் வாடியில் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் காம்பரா காத்தாயி அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவளுடைய மகன் அழகமுத்து எண்பத்து மூன்றுக்குப் பிறகு உங்கள் பக்கம் போனவன், மூதூருக்கு அப்பால் யாரோ முதலாளியின் டிரக்டர் ஓட்டுகிறானாம். போன தீபாவளிக்குப் பிறகு கடிதமே இல்லை. “தம்பிக்கு எழுதும்போது ஒரு வார்த்த விசாரிக்கச் சொல்லு புள்ள” என்று தினமும் வந்து நிற்கிறாள். விசாரியுங்கள்.

உங்கள் கொறற்றி

*

திருகோணமலை
16.10.1988

அன்புள்ள கொறற்றிக்கு,

மழுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மழுப்பி ஒரு கடிதம் எழுதி, கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பேசாவிட்டால் கப்டன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். குரலை உயர்த்த மாட்டார். பிறகு ஹவில்தார் உள்ளே வருவார். அவர் “ஃபர்மாயியே” எல்லாம் சொல்ல மாட்டார். மணல் அடைத்த ரப்பர் குழாய் ஒன்று வைத்திருக்கிறார். முந்தாநாள் ஒரு மீன் வியாபாரியின் விரல்களைத் தரையில் வைத்து நாற்காலிக் காலை அதன் மேல் நிறுத்தி, இன்னொரு சிப்பாயை நாற்காலியில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் அதே நாற்காலியில்தான் அந்த மனுசன் தேநீர் குடித்தான்.

நான் மூலையில் நிற்க வேண்டும். வெளியே போகக்கூடாது, ஏனென்றால் எப்போது பேசுவான் என்று தெரியாது. அவன் கத்தும்போது ஹவில்தார் என் பக்கம் திரும்பி “என்ன சொல்கிறான்?” என்று கேட்பார். “ஒன்றுமில்லை சாப், அம்மா என்கிறான்” என்பேன். மறுபடி அடிப்பார். அடி வாங்கும் ஆளுக்கு அவருடைய கேள்வி புரியாது. என் தமிழ்தான் புரியும். அதனால் அவன் கண் என் மேல்தான் இருக்கும்.

ஆனால் கப்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேசுகிறவனை அவர் தொட விட்டதில்லை. பேசியவர்களை விட்டுவிடுகிறார், நானே வாசல் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதனால் இப்போது வருகிறவர்களிடம் நானாகவே, பேசிவிடுங்க ஐயா, இவரு கேக்கும்போதே பேசிவிடுங்க என்று கெஞ்சுகிறேன். அடியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைக்கிறேன். நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை.

அழகமுத்துவை விசாரித்தேன். மூதூர்ப் பக்கம் இருக்கிறான் என்று மட்டும் கேள்விப்பட்டேன். காத்தாயி அக்காவைத் தைரியமாக இருக்கச் சொல்.

நோபர்ட்

*

ரத்தோட்டை
20.11.1988

அன்புள்ள அத்தானுக்கு,

வந்துவிடுங்கள். நான் நினைப்பது அவ்வளவுதான். ரப்பர் வெட்டலாம், கொக்கோ உடைக்கலாம், இல்லாவிட்டால் வீட்டில் சும்மா இருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். அடி வாங்குகிறவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அம்மா என்று கத்துகிறான் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கார அப்துல் ஸமத் நானாவைச் சுட்டுவிட்டார்கள். கடை திறக்கக்கூடாது என்று நோட்டீஸ் போட்ட நாள். பிள்ளைக்காம்பராவில் பால்மா முடிந்து கைக்குழந்தைகள் கத்துகின்றன. நான்தான் கீழே இறங்கிப் போய் அவர் கடைப் பலகையைத் தட்டினேன். முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். ஒற்றைப் பலகையை எடுத்து ஒரு பெட்டி பால்மாவைத் தந்தார். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலை கடை வாசலிலேயே வைத்து வாய்க்குள் சுட்டிருந்தார்கள். பிணத்தைத் தூக்கக்கூடாது என்று ஒரு துண்டுக் காகிதம் நெஞ்சில் குத்தியிருந்தது.

அவர் பெண்சாதி மஸீனாவிடம் போனேன். போகாதே என்று எல்லோரும் தடுத்தார்கள். “நான்தான் தட்டுனேன் ராத்தா. பால்மாவுக்காக என் கையாலதான் தட்டுனேன்” என்று சொன்னேன். அவள் என்னை வையவில்லை. பிள்ளை குடித்ததா என்று கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வந்துவிடுங்கள்.

கொறற்றி

*

திருகோணமலை
15.01.1989

கொறற்றி,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு. காத்தாயி அக்கா பக்கத்தில் இருக்கும்போது படிக்காதே.

பொங்கலுக்கு முந்தின வாரம் அழகமுத்துவைக் கொண்டுவந்தார்கள். தலையைச் சாக்கு மூடியிருந்ததால் உள்ளே வரும்போது தெரியவில்லை. சாக்கை எடுத்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தான். “நோபர்ட் மாமா” என்றான். அந்த இடத்தில் என் பெயரைக் கேட்டதும் நான் கப்டனைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் அவன் முகம் தெளிந்துவிட்டது கொறற்றி. தோட்டத்து ஆள் ஒருவர் இருக்கிறார், இனிப் பயமில்லை என்று நினைத்துவிட்டான்.

நாற்காலி போட்டார்கள். தேநீர் வந்தது. கப்டன் “ஃபர்மாயியே” என்றார். அழகமுத்து குனிந்துகொண்டு பேசாமல் இருந்தான். கப்டனின் கை தொப்பிப் பக்கம் போனது. எனக்கு ஹவில்தாரின் குழாய்தான் கண்ணில் நின்றது. நான் அவனிடம் சொன்னது இதுதான், ஒரு சொல் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன்: “அழகமுத்து, இவரு சொல்லுங்கன்னு மரியாதையாக் கேட்டுட்டா, பேசுறவன் மேல கை வைக்க மாட்டாரு. நான் பொறுப்பு. சொல்லிடு.”

சொன்னான். இயக்கத்து ஆட்கள் முதலாளியின் டிரக்டரை மறித்து அரிசி மூட்டை ஏற்றச் சொன்னார்களாம். மாட்டேன் என்றால் சுடுவார்கள். குளத்துக்கு அப்பால் அவர்கள் தங்கியிருந்த ஒரு ஓலைக் கொட்டில் வாடியில் கொண்டுபோய் இறக்கினானாம். அந்த வாடி எங்கே என்று கப்டன் கேட்டார். நான் அதையும் தமிழில் கேட்டேன். அதையும் சொன்னான். கப்டன் எழுந்து அவனுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

விடிந்ததும் வழி காட்ட அவனைக் கொண்டுபோனார்கள். என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். வாடியைச் சுற்றிச் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் தப்பவில்லை. சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியும் அதற்குள் இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஹவில்தார் அழகமுத்துவைக் குளக்கட்டுப் பக்கம் நடக்கச் சொன்னார். அவன் நடந்தான். கை கட்டியிருக்கவில்லை. பின்னால் இருந்து சுட்டார். எல்லோரையும் ஒன்றாகப் போட்டு டீசல் ஊற்றினார்கள்.

நான் கப்டனிடம் போனேன். “சாப், நீங்கள் ‘ஃபர்மாயியே’ என்று சொன்னீர்களே” என்று கேட்டேன். நான் எதைக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. “சொல்லச் சொன்னேன், அவனும் சொன்னான். நான் வேறு என்ன வாக்குக் கொடுத்தேன்?” என்றார். கோபமே இல்லை. என்னை ஜீப்பில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சேட் கடையின் வழக்கத்தை நான் ஊர் உலகத்துச் சட்டம் என்று நினைத்திருக்கிறேன். கப்டன் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

காத்தாயி அக்காவிடம் நீ எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடு. உனக்குத்தான் அது வரும்.

நோபர்ட்

*

ரத்தோட்டை
10.02.1989

அத்தானுக்கு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன இன்னொன்றைச் செய்ய மாட்டேன்.

நம் தோட்டத்தில் இழவு சொல்ல ஆள் அனுப்புவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எட்டு மைலானாலும் நடந்து போய், வாசலில் நின்று, நேரில்தான் சொல்வார்கள். சொல்ல வந்தவனைக் கட்டிப்பிடித்து அழுவார்கள், சிலநேரம் அடிப்பார்கள். அவன் வாங்கிக்கொள்வான். அதற்குத்தான் அவன் வருவது. வெளியே செத்தவன் என்றால் கண்ணால் பார்த்தவனே வருவான். இதில் பார்த்தவர் நீங்கள். பொறுப்பு என்று சொன்னவரும் நீங்கள்.

காத்தாயி அக்கா நேற்றும் வந்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவளுக்கு ஒரு துண்டு வெல்லம் கிடைத்ததாம், மகன் வந்தால் கொடுக்க வைத்திருக்கிறேன் என்று காட்டினாள். நான் கைப்பிள்ளைக்குப் பால் கரைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவள் செத்தவனுக்கு ஒரு விளக்குக்கூட வைக்காமல் உயிரோடிருக்கிறான் என்று நேர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். இதை நான் எத்தனை நாள் பார்ப்பேன்?

வருகிற வழி ஆபத்து என்று தெரியும். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்குகிறார்கள். நாலந்தாவில் றோட்டோரம் தலை மட்டும் வைத்திருந்ததாக இராமசாமியண்ணன் சொன்னார். உங்களை யாராவது காட்டிக்கொடுத்தால் நான் தாலியை அவிழ்க்க வேண்டியதுதான். எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வந்து அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன வந்தாலும் நான் உங்கள் பக்கம் நிற்பேன். அவள் அடித்தால் நானும் சேர்ந்து வாங்குகிறேன்.

உங்கள் கொறற்றி

*

திருகோணமலை
05.03.1989

அன்புள்ள கொறற்றிக்கு,

உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறேன். இராமசாமியண்ணன் லொறியில் வெங்காய மூட்டைக்கு நடுவில் இடம் தருகிறேன் என்றிருக்கிறார். காம்பைக் கட்டிக்கொண்டு போகும் பேச்சும் இங்கே அடிபடுகிறது. தங்களுக்கு வேலை செய்தவர்களைக் கப்பலில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்கிறார் கப்டன். அதை நேரில் பேசுவோம்.

நீ சொன்னபடி செய்வேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் நோபர்ட்

*

ரத்தோட்டை
18.06.1989

நோபர்ட் அவர்களுக்கு,

எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வலது கை கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், நாளைக்கு அப்படி நடக்கவில்லை என்று உங்களுக்கே தோன்றிவிடக் கூடாது. காத்தாயி அக்கா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாயில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு உங்கள் சேட்டின் பாஷை தெரியாது. “சொல்லுங்க தம்பி. எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்” என்றாள். அதைவிட மரியாதையாக ஒரு மனுசி கேட்க முடியாது. அடுப்படியில் நின்ற எனக்கு, அவளுக்கு மனதில் தெரிந்துவிட்டது, உங்கள் வாயிலிருந்து வந்தால் போதும் என்று காத்திருக்கிறாள் என்று பட்டது.

நீங்கள் சொன்னீர்கள்: “போட்டுல ராமேஸ்வரம் போயிட்டான்க்கா. நல்லா இருக்கான்.”

அவள் உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உயிரைப் பணயம் வைத்து அவ்வளவு தூரம் வந்தீர்கள். துவக்குக்குப் பயப்படாத ஆள் ஒரு கிழவி அழுவதற்குப் பயந்துவிட்டீர்கள். மறுநாள் லொறி ஏறும்போது, “பாவம், சந்தோசமா இருக்கட்டும் கொறற்றி” என்றீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பழி எனக்கும் உண்டு.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவள் மாரியம்மனுக்குச் சேவல் அறுத்தாள். லயம் முழுக்கக் கறி கொடுத்தாள். வைகாசியில் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினாள். கீழ் டிவிசன் மாடசாமியின் மகள், பத்தொன்பது வயது. வைகாசி முடிவதற்குள் பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எழுத ராமேஸ்வரத்து விலாசம் வேண்டும் என்று அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னேன். அழகமுத்து செத்துட்டான்க்கா, என் வீட்டுக்காரருதான் பேச வச்சாரு, பேசின பொறகு சுட்டுட்டாங்க என்று சொன்னேன். பிடித்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். பிறகு தண்ணீர் வாளியால் அடித்தாள். இரும்பு வாளி. முதல் அடி தோளில், பிறகு தடுத்த கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் அடித்தாள். முன்பல் ஒன்று போய்விட்டது. பெண்கள் ஓடி வந்து அவளை இழுத்தார்கள், அடிக்கட்டும், அவளை விடுங்கள் என்று நான்தான் கத்தினேன். அந்த அடி அத்தனையும் உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை வாங்கியிருந்தால் இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

கை ஓய்ந்த பிறகு அதே இடத்தில், சேற்றில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சத்தையும் சொல் என்றாள். குளக்கட்டு, டீசல் எல்லாம் சொன்னேன். உங்களை மாமா என்று கூப்பிட்டதையும் சொன்னேன்.

கருமாதி நடந்தது. உடல் இல்லாததால் அவனுடைய பழைய சட்டையை வைத்துச் செய்தார்கள். மாடசாமியின் மகளும் வந்து ஓரமாக நின்றது. என்னால் வலது கையால் சாப்பிட முடியாததால் காத்தாயி அக்காதான் காலையும் சாயங்காலமும் வந்து சோறு பிசைந்து ஊட்டுகிறாள். ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

கப்பலில் இடம் தந்தால் போங்கள். அங்கே உங்களுக்குப் பாஷை தெரியும், பிழைத்துக்கொள்வீர்கள். உங்கள் உடுப்புகளைக் கட்டி இராமசாமியண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கொன்றவர்களைக்கூட ஆண்டவர் மன்னிப்பாராம், உங்களையும் மன்னிக்கட்டும். எனக்கு அந்த மனது வரவில்லை. அவனைப் பேச வைத்தது அறியாமல் செய்தது. அதற்காக நான் உங்களை விட்டிருக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று காத்தாயி அக்காவிடம் சொன்னேன். நோபர்ட்டிடம் கேட்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டே, “அவருகிட்ட இனிமே என்னத்தக் கேக்குறது” என்றாள்.

எனக்கும் கேட்க ஒன்றுமில்லை. பதில் எழுத வேண்டாம்.

மரிய கொறற்றி